பிறக்கும் முன்பே நீ கொடுத்தது

அன்பு மகள் ரிஸ்வானாவுக்கு,

உன்மீதும் மாப்பிள்ளை மீதும் நம் மரியம் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை, போனை எடுத்தால் உன் முகமே தெரிகிறது, அப்படியிருக்க அத்தா ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். முந்தாநாள் மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து உன்னையும் பிள்ளையையும் அழைத்துப் போனபோது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் கார் கதவுவரை வந்தேன். "பாத்துப் போங்க" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. தோல் மண்டியில் லாரிக்காரர்களோடும் வியாபாரிகளோடும் சத்தம் போட்டே பேசிப் பழகிய தொண்டை இது. மெதுவாகச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மறுபாதி எனக்குள் நடந்தது. உனக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதத்தில் உன்னை இங்கே அழைத்து வந்தோம். அந்த வாரமே பரிசோதனைக்குப் போனோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நான் கூட வந்தேன். டாக்டரம்மா உன்னைப் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, உன் அட்டையைப் புரட்டினார். டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி வராமல் இருக்க அரசு சுகாதார நிலையத்தில் போடும் ஊசியை நீ ஏற்கெனவே போட்டிருந்தாய். அதற்கு மேல் இன்னொரு ஊசியும் இருக்கிறது, கக்குவான் இருமலில் இருந்தும் பிள்ளையைக் காக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் போடுவது, இங்கே அரசு தரும் ஊசிகளில் அது இல்லை, விருப்பம் இருந்தால் நான் போட்டுவிடுகிறேன் என்றார். நான் முந்திக்கொண்டேன். கக்குவான் இருமலெல்லாம் எங்கள் காலத்தோடு போய்விட்டதே, ஒரு ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டதே, பிள்ளைத்தாய்ச்சிக்கு எதற்கு மேலும் மேலும் மருந்து என்று கேட்டேன். டாக்டரம்மா எனக்குப் பதில் சொல்லும் முன்பு உன் முகத்தைப் பார்த்தார்.

நீ அமைதியாகக் கேட்டாய். வயிற்றுப் பிள்ளைக்கு இதனால் ஏதாவது ஆகுமா என்றாய். பிறந்தபிறகு பிள்ளைக்கே போட்டால் போதாதா என்றாய். டாக்டரம்மா நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். பிள்ளைக்குத் தனியாக முதல் ஊசி போடுவதே பிறந்து ஒன்றரை மாதம் ஆனபிறகுதான். அதுவரை அந்தக் கிருமியை எதிர்க்க அதற்குச் சொந்தமாக எதுவும் இருக்காது. ஆனால் இப்போது தாய்க்கு ஊசி போட்டால் தாயின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகி, தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேரும், முதல் மாதங்களில் அதுதான் பிள்ளைக்குத் துணை என்றார். பெரியவர்களுக்கு வந்தால் சாதாரண இருமல் மாதிரியே இருக்கும், வீட்டு ஆட்களே தெரியாமல் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது நான் வேறு யாருடைய வீட்டையோ நினைத்துக்கொண்டேன். நீ ஒரு நிமிடம் யோசித்தாய். வெளியே போய் மாப்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டு வந்து, "போடுங்க டாக்டர்" என்றாய்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் சும்மா இருந்திருக்கலாம். "இம்புட்டுப் பயம் ஆகாதும்மா" என்றேன். நீ கையைத் தேய்த்துக்கொண்டே, "பயமில்லத்தா. கேட்டேன், சரின்னு பட்டுச்சு, போட்டுக்கிட்டேன்" என்றாய். மறுநாள் உன் கை கொஞ்சம் வீங்கி வலித்தபோது, நான் சொன்னேன் பார் என்பதுபோல உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. வலியும் இரண்டு நாளில் போய்விட்டது.

கேள்வி கேட்பது உன் பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்து, பழகிய மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மருந்துப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாமா, இது தேதி முடிஞ்சு போச்சே" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். கடைக்காரர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. வழியெல்லாம், பெரியவர்களிடம் அப்படிப் பேசலாமா என்று உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டது ஒன்றுதான்: தேதி முடிந்திருந்ததா இல்லையா? முடிந்துதான் இருந்தது. அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னை அடக்கமான பெண்ணாக வளர்க்க நான் எடுத்த முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்றுப் போயின. அவை தோற்றதற்காக இன்று நான் ஐந்து வேளையும் நன்றி சொல்கிறேன்.

மரியம் பிறந்த அன்று அவள் வலது காதில் பாங்கு சொன்னது நான்தான், அவளுடைய நன்னா, அவள் அம்மாவைப் பெற்ற தாத்தா. என் உள்ளங்கை அளவுதான் அவள் தலை இருந்தது. அதற்குப் பிறகு மண்டியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் லுஹர் தொழுத கையோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். கைகால் கழுவி, சட்டை மாற்றி, தோல் நாற்றம் போய்விட்டதா என்று உன் அம்மாவிடம் கேட்டுவிட்டு, மடியில் வாங்கிக்கொள்வேன். கழுவவும் மாற்றவும் தெரிந்த எனக்கு இருமலைப் பற்றி மட்டும் தோன்றவே இல்லை. பிள்ளைக்கு ஒரு வாரம் ஆகும்போது எனக்குத் தொண்டையில் சளி போல ஆரம்பித்தது. உப்பும் தூசியும் பறக்கிற இடத்தில் நாளெல்லாம் நிற்பவனுக்கு இருமல் வருவது ஒரு செய்தியா? ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவி அடுக்குகிற ஆட்கள் எல்லாருமே இருமுகிறவர்கள்தான். கஷாயம் குடித்தேன், மருந்துக் கடையில் ஏதோ வாங்கிக் குடித்தேன். போகவில்லை. வந்தால் அடுக்கடுக்காக வரும், மூச்சுவிட இடம் கொடுக்காது, சில நேரம் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். டாக்டரிடம் போங்கள் என்று நீ சொன்னாய். நாளைக்கு, நாளைக்கு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமிவிட்டு மறுபடி பிள்ளையிடம் திரும்புவேன். அதுதான் நான் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை.

நம் மண்டியில் சுமை இறக்கும் செல்வத்தை உனக்குத் தெரியும். சாணார்பட்டிப் பக்கத்துக்காரன், வயதில் எனக்கு மகன் மாதிரி. நீ பிள்ளை பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவன் மனைவி முத்துமாரிக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. மண்டியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். அவனுடைய மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு இருமலைக் கொண்டுவந்து, அது இவனுக்கும் ஒட்டிக்கொண்டது. நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டே லாரிக்குக் கணக்கு முடிப்போம். பிறகு இரண்டு நாள் அவன் வேலைக்கு வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் ஒருத்தர் சொன்னார். திரும்ப வந்ததும் விசாரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடித்து வந்து சாப்பிட்டுவிட்டு, மரியத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே கண்ணயர்ந்திருந்தாய். செல்வத்திடம் இருந்து போன் வந்தது. அவன் குரலே வேறாக இருந்தது.

"பாய், மதுரை ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். பய மூச்சு விட மாட்டேங்கிறான், இருமி இருமி நீலம் பாரிச்சுப் போறான். கக்குவான் இருமலாம். சுத்தி யார் யார் இருமுறாகன்னு டாக்டர் கேட்டாரு. எனக்கு ஒங்க ஞாபகம் வந்துச்சு. ஒங்க வீட்லயும் பச்சப்புள்ள இருக்குல்ல. புள்ளையத் தூக்காதீக பாய்."

என் மடியில் மரியம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள்மேல் என் மூச்சுக்கூடப் படக் கூடாது என்று தோன்றியது. இரண்டு கையையும் நீட்டி அவளை என்னிடம் இருந்து தள்ளிப் பிடித்தபடி சமையல்கட்டு வாசலுக்குப் போனேன். உன் அம்மா என்ன என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை. அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டதும் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் கொஞ்சியது, முத்தம் கொடுத்தது, காதோடு வாய் வைத்துப் பேசியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

நீ எழுந்து வந்தாய். நான் தூரத்தில் நின்றே சொன்னேன். திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். நீ திட்டவில்லை. "எம்புட்டு நாளா இருமுறீங்கத்தா?" என்றாய். சொன்னேன். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாய், பால் கொடுத்துப் பார்த்தாய். அன்று காலையில் இருந்து அவளும் ஓரிரு முறை தும்மி, மெல்ல இருமியிருக்கிறாள் என்று அப்போதுதான் நீ சொன்னாய். அதைக் கேட்டதும் நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நீயோ மாப்பிள்ளைக்குப் போன் செய்தாய், பிள்ளையைத் துணியில் சுற்றினாய், என் வாயில் கட்டிக்கொள்ள ஒரு துணியைத் தூரத்தில் வைத்துவிட்டு, "நீங்க தனி ஆட்டோல வாங்கத்தா, ஒங்களையும் பாக்கணும்" என்றாய்.

குழந்தை டாக்டர் அதிகம் பேசாத மனிதர். மரியத்தைத் தொட்டுப் பார்த்து, மூச்சைக் கவனித்து, நகத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அவர் உன்னிடம் கேட்ட முதல் கேள்வியை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "கர்ப்பமா இருக்கும்போது கக்குவான் இருமலுக்கு ஊசி போட்டீங்களா?"

"போட்டிருக்கேன் டாக்டர். ஏழாம் மாசக் கடைசியில."

அவர் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன், ரிஸ்வானா. அதுவரை விறைப்பாக இருந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எந்த ஊசிக்காக நீ கேள்விமேல் கேள்வி கேட்டு யோசித்து முடிவெடுத்தாயோ, எதை நான் பயம் என்று சொன்னேனோ, அந்த ஒன்றில்தான் அந்த நிமிடம் அவருடைய நம்பிக்கை இருந்தது. பிள்ளையின் மூக்கில் இருந்தும் என் மூக்கில் இருந்தும் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் பிள்ளைக்கும் நம் எல்லாருக்கும் மருந்து ஆரம்பித்தார். ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சும் பால் குடிப்பதும் சீராக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம், ஆனால் இருமல் கூடினாலோ நிறம் மாறினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். என்னைத் தனியாக இருக்கச் சொன்னார்.

மொட்டை மாடி அறையில் தனியாக இருந்த நாட்களில் நான் பட்டது உனக்குத் தெரியாது. படியில் உன் அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். நீ சாயங்காலம் முற்றத்தில் வந்து நின்று மரியத்தை உயர்த்திக் காட்டுவாய். நான் கைப்பிடிச் சுவரில் இருந்து சிரித்துவிட்டு உள்ளே போவேன். மற்ற நேரமெல்லாம் எனக்குக் காது மட்டும்தான் இருந்தது. கீழே அவள் இருமினால் எழுந்து படி ஓரம் போய் நிற்பேன். அடுத்த இருமல் வருகிறதா, மூச்சு இழுக்கிறாளா, அழுகிறாளா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அழுதால் நிம்மதி. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

அங்கே இருந்தபோது எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தது நினைவுக்கு வந்தது. உன்னிடம் சொன்னதில்லை. சொல்ல எதுவும் இருந்ததில்லை, அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வீட்டில் பிறந்து, முதல் சில நாள் நன்றாகப் பால் குடித்து, பிறகு வாய் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து போய்விட்டார். ரண ஜன்னி. அறுத்த தொப்புள்கொடி வழியாக வந்த கிருமி. அடுத்து நான் வயிற்றில் இருந்தபோது ஒரு நர்சம்மா வீடு தேடி வந்து என் அம்மாவுக்கு ஊசி போட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பிறந்தேன், பிழைத்தேன், உனக்கு அத்தா ஆனேன். இவ்வளவு காலமும் அதை ஒரு பழைய கதையாக மட்டுமே வைத்திருந்தேன். ஒரு தாய் தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதால்தான் நான் இந்த உலகத்தில் நிற்கிறேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் டாக்டரம்மா முன்னால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் உன்னிடம் பேசியபின், நான் கேட்டுக்கொண்டதால் என்னிடமும் பேசினார். எனக்கு அந்தக் கிருமிதான் இருந்தது. மரியத்தின் மூக்கிலும் இருந்தது. என்னிடம் இருந்துதான் போயிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "கிருமி போயிருக்கு பெரியவரே. ஆனா குழந்தை அதுக்குத் தயாரா இருந்திருக்கு" என்றார். ஊசி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊசி போட்டால் நோய் வரவே வராது என்றும் சத்தியம் செய்ய முடியாது, சீக்கிரமே மருந்து கொடுத்ததும் உதவியிருக்கும், ஆனால் இந்த வயதில் இந்த நோயோடு வருகிற பிள்ளைகள் எந்த நிலையில் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மரியம் சில நாள் இருமினாள், மூக்கு ஒழுகியது, பால் குடித்தாள், தூங்கினாள். அவ்வளவுதான்.

உன் மாமியார் வீட்டுக்கு இதைச் சொல்ல வேண்டுமே என்பதுதான் அடுத்த பயம். உங்கள் பேத்திக்கு நோயைக் கொடுத்தது நான்தான் என்று சம்பந்தியம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? நீயே சொல்லிவிட்டாய் என்று தெரியாமல் நான் போன் செய்து தட்டுத் தடுமாறினேன். அவர் என்னைப் பேச விடவே இல்லை. "ஏனுங்க சம்பந்தி, தெரிஞ்சா செஞ்சீங்க? முதல்ல நீங்க உடம்பப் பாத்துக்குங்க. பிள்ளைக்கு நன்னா வேணுமுல்லங்க" என்றார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பொழுதெல்லாம் காய்கறி ஏலத்துச் சத்தத்தில் நிற்கிற அந்த அம்மாவுக்கு மெதுவாகச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தெரிந்திருக்கிறது. நீ போன இடம் நல்ல இடம். அவர்களுக்கும் என் நன்றியைச் சொல்.

செல்வத்தின் பிள்ளை பல நாள் ஆக்சிஜனில் கிடந்தான். நான் தனியாக இருக்க வேண்டிய காலம் முடிந்ததும் முதல் வேலையாக மதுரைக்குப் போனேன். கண்ணாடிக்கு வெளியே செல்வமும் நானும் நின்றோம். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது என் பேத்தியை எப்படி நினைத்தாய் என்று கேட்டேன். "அது என்ன பாய், நாம பட்டது போதாதா" என்றான். ஒரு வாரம் கழித்து வார்டுக்கு மாற்றினார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று அவன் நன்றாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளைக்காக நான் கேட்ட துஆவும் மரியத்துக்காகக் கேட்ட துஆவும் ஒன்றுதான்.

அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த அன்று நீ முத்துமாரியோடு உள்ளே உட்கார்ந்து பேசியது எனக்குக் கூடத்தில் கேட்டது. உனக்கு ஏன் அவ்வளவு ஆகவில்லை என்று அவள் கேட்டாள். நீ ஊசியைப் பற்றிச் சொன்னாய். "நான் எல்லா ஊசியும் தவறாமப் போட்டேன்க்கா. நர்சம்மா வரச் சொன்ன அன்னைக்கெல்லாம் பூப்பறிக்கிற வேலையக்கூட விட்டுட்டுப் போனேன். இத எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று நான் மூச்சுப் பிடித்துக் காத்திருந்தேன். "சொல்லியிருந்தா நீ எனக்கு முன்னாடி போய் நின்னிருப்ப முத்துமாரி. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றாய். பிறகு இருவரும் அழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அத்தா என்று ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால், நீ அன்று செய்ததைத்தான் உனக்கே திருப்பிச் சொல்ல முடியும். உன் பிள்ளை தப்பித்தது உன் கெட்டிக்காரத்தனத்தால் என்று நினைத்து இன்னொருத்தியைக் குறைவாகப் பார்த்துவிடாதே. நீ அப்படிப் பார்க்கிற பெண் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். உனக்குச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார், அவளுக்கு இல்லை. நமக்குத் தெரிந்ததை நாம் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். மண்டியில் யார் வீட்டிலாவது பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டால் இப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அரசு போடுகிற ஊசியை ஒன்றுகூட விடாதே, கக்குவான் இருமல் ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேள் என்கிறேன். ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதேபோல, பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் இருமினால், அது எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், நாளைக்கு நானே வந்தாலும், தள்ளி நிற்கச் சொல். மரியாதைக் குறைவாக நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இறைவன் நாடி உனக்கு இன்னொரு பிள்ளை உண்டானால் மறுபடியும் போட வேண்டும், போன தடவை போட்டது போதும் என்று இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அந்த முறை ஆட்டோவில் நான் வாய் திறக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. என் இருமலால் இனி ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபிறகும் நான் மரியத்தைத் தூக்கவில்லை. கை அழுக்கு என்பேன், வேலை இருக்கிறது என்பேன், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்பேன். உன் அம்மா முறைப்பாள். நீ எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாற்பது நாள் கழிந்து, அவளுக்கு முதல் ஊசிகள் போட வேண்டிய நாளில், சுகாதார நிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னாய். துணைக்கு என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே வாய்வழி சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு நர்சம்மா கேட்டார்: "பிள்ளையை யாரு பிடிச்சுக்கிறது?"

"எங்க அத்தா பிடிப்பாக" என்றாய்.

நான் ஒரு அடி பின்னால் போனேன். நீ வந்து என் மடியில் அவளை வைத்தாய். என் கையை எடுத்து அவள் தொடையின் மேல் வைத்து, "கெட்டியாப் பிடிச்சுக்கங்கத்தா" என்று மட்டும் சொன்னாய். மாதக்கணக்கில் உன் ரத்தத்தில் இருந்து நீ கொடுத்தது அவளைக் காத்தது, இனி அவளுக்கென்று சொந்தமாக ஒன்று தொடங்கப் போகிறது, அந்த நேரத்தில் நீ அவளை என் கையில் கொடுத்தாய். உனக்கு வேறு ஆள் இல்லாமல் இல்லை. ஊசி இறங்கியது. அவள் ஒரு நொடி முழித்துப் பார்த்தாள், பிறகு சுகாதார நிலையமே அதிரக் கத்தினாள். எவ்வளவு மூச்சு, எவ்வளவு சத்தம்! நான் அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அவள் அழுகை அடங்கும்வரை என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. கார் கதவுவரை வந்து நான் சொல்லாமல் விட்டது இதுதான், மகளே. நான் அன்றைக்குத்தான் மறுபடி அவளுக்கு நன்னா ஆனேன். ஆக்கியது நீ.

உன் அத்தா